உப்புப் பூத்த முகம்

நறுவிலிக்குளத்தில், அன்ரோனெற்றின் தகப்பன் வீட்டுக் கிணற்றடியில், முழங்கை ஆழத்துக்குத் தோண்டினால் மண்ணின் நிறம் மாறும். மேலே இருப்பது சாம்பல் நிறப் பொருக்கு மண். வாழைக்கும் கத்தரிக்கும் அது போதும். அதற்குக் கீழே கருமையும் நீலமும் கலந்த களி படுக்கையாகக் கிடக்கிறது. மண்வெட்டி அதற்குள் இறங்கும்போது சத்தம் கேட்காது. வெட்டுப்பட்ட இடம், கத்தியால் அறுத்த சவர்க்காரக் கட்டியைப் போல மினுங்கும்.

அந்தக் களியைத்தான் அன்ரோனெற் தன் புருசனின் முகத்தைச் செய்வதற்காக ஐப்பசி மாதத்தில் தோண்டத் தொடங்கினாள்.

அவள் புருசன் பஸ்ரியன் பேசாலைக்காரன். அறுபத்து நாலாம் ஆண்டு மார்கழிப் புயலுக்கு முதல் நாள் தலைமன்னார்ப் பக்கம் கடல் தொழிலுக்குப் போனவன் திரும்பவில்லை. அவனுடைய வள்ளத்தின் பாதி மட்டும் தை மாதத்தில் கரையொதுங்கியது. அதே புயலில் கடல் அவர்களுடைய பேசாலை வீட்டுக்குள்ளும் வந்துபோனது. சுவரில் தொங்கிய கலியாணப் படம்தான் பஸ்ரியன் வாழ்நாளில் எடுத்த ஒரே படம். கண்ணாடிச் சட்டத்துக்குள் அது கூழாகிப் போயிருந்தது. கிறிஸ்து பிறப்பான நத்தாருக்கு, பாலன் குடிலில் வைக்க, அன்ரோனெற் செய்து காயவைத்திருந்த மண் சுரூபங்களும் கரைந்துவிட்டன. சூளையில் சுடாத மண் எவ்வளவு காய்ந்திருந்தாலும் தண்ணீர் கண்டதும் பழையபடி மண்ணாகிவிடும்.

கூரை இல்லாத வீட்டில் இருக்க முடியாமல் அவள் தகப்பன் வீட்டுக்கு வந்துவிட்டாள். பஸ்ரியனின் தாய் திரேசம்மா வரவில்லை. மூத்த மகன் அமிர்தநாயகத்தின் குடிசையில் இருந்துகொண்டு, மாலையானதும் கரைக்குப் போய் வடக்கே பார்த்தபடி நின்றாள்.

புரட்டாதி முடிவில் அன்ரோனெற் பேசாலைக்குப் போய் மாமியாரிடம் ஒன்று கேட்டாள். கார்த்திகை இரண்டாம் திகதி சகல ஆத்துமாக்களின் திருநாள். அன்றைக்கு இறந்தவர்களின் பேரைச் சொல்லிப் பூசை ஒப்புக்கொடுப்பார்கள்.

"மாமி, வாற ஆத்துமாக்கள் திருநாளுக்கு அவற்ற பேரையும் குடுப்பமோ?"

"ஆற்ற பேரை?"

"உங்கட மகன்ர பேரைத்தான்."

திரேசம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவலை நிறுத்தவில்லை. "உயிரோட இருக்கிறவனுக்கு ஆத்துமப் பூசை வைக்கிறதோ? நீ அவனைக் கொல்ல நிக்கிறியோ? ராமேஸ்வரத்துப் பக்கம் ஒதுங்கினவை எத்தினை பேர். எந்த ஆஸ்பத்திரியில என்ன பேரில கிடக்கிறானோ, ஆருக்குத் தெரியும்?"

"உயிரோட இருந்தால் சந்தோசம்தான், மாமி. இல்லையெண்டால்? உத்தரிக்கிற ஸ்தலத்தில ஒரு செபமும் இல்லாமல் நிக்கிற ஆத்துமாவாய் அவர் நிண்டால்? மற்றவைக்கெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிடேக்க, தன்ர பேர் வருமோ எண்டு பார்த்துக்கொண்டு நிண்டால்?"

இந்தக் கேள்வி அன்ரோனெற்றைப் பத்து மாதமாகத் தின்றுகொண்டிருந்தது. உயிரோடு இருப்பவனுக்காக ஒரு செபம், இறந்தவனுக்காக ஒரு செபம். இரண்டும் வேறு வேறு. எதைச் சொல்வதென்று தெரியாமல் இரவில் செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் படுத்திருந்தாள்.

"முகத்தைக் காட்டு," என்றாள் திரேசம்மா. "என்ர பிள்ளையின்ர முகத்தைக் கொண்டுவந்து காட்டு. பார்த்திட்டு அழுறன். பிறகு பேர் குடு. முகம் பார்க்காமல் நான் ஆரையும் அனுப்பினது இல்லை."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. பேசாலையில் சவப்பெட்டியை மூடுவதற்கு முன் எல்லாரும் வந்து முகம் பார்ப்பார்கள். தாய் உயிரோடு இருந்தால் கடைசியாக அவள் பார்ப்பாள். அதன் பிறகுதான் மூடி போடுவார்கள். திரேசம்மா தன் புருசனை அப்படி அனுப்பினாள். சிறு வயதில் செத்த இரண்டு பிள்ளைகளையும் அப்படித்தான் அனுப்பினாள்.

"அப்ப நான் முகம் செய்துகொண்டு வாறன், மாமி," என்று அன்ரோனெற் சொன்னாள். சொன்ன பிறகுதான், தான் சொன்னது அவளுக்கே கேட்டது.

திரேசம்மா சிரித்தாள். நல்ல சிரிப்பு அல்ல. "அடுப்புப் போடுற மண்ணிலயோ?"

"ஓம். அந்த மண்ணிலதான்."

தோண்டிய களியை அப்படியே பிசைந்தால் முகம் வராது. அதற்குள் சிறு கல், வேர், பழைய நத்தை ஓடு எல்லாம் இருக்கும். அன்ரோனெற் களியைச் சிறு சிறு துண்டுகளாகக் கிள்ளி, பாயில் பரப்பி, கல்லைப் போல ஆகும்வரை காயவிட்டாள். ஈரக் களியை நேரே தண்ணீரில் போட்டால் அது கரையாது. வழுக்கிக்கொண்டு கட்டியாகவே கிடக்கும். முற்றாகக் காய்ந்த கட்டியைப் போட்டால் தண்ணீர் அதற்குள் ஓடிப் புகுந்து, உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளும். கட்டி சீறிக்கொண்டு, கை படாமலே உதிர்ந்து சேறாகும். நன்றாக நனைய வேண்டுமென்றால் முதலில் நன்றாகக் காய வேண்டும். மண்ணின் குணம் அது.

சேற்றைக் கலக்கி விட்டுச் சற்றுப் பொறுத்தால் மணலும் கல்லும் அடியில் இறங்கிவிடும். மேலே நிற்கும் கலங்கலைப் பழைய வேட்டித் துணியில் வடித்து, அது தெளிந்ததும் நீரை இறுத்து, அடியில் தங்கிய கூழைச் சாக்கில் பரப்பினாள். கூழ் இறுகி, கையில் ஒட்டாத பதத்துக்கு வந்ததும் விரல் பருமனில் ஒரு திரி உருட்டி, சுண்டுவிரலில் சுற்றிப் பார்த்தாள். திரி வெடிக்கவில்லை. அப்படியென்றால் களி நல்லது. ஆனால் அளவுக்கு மீறி நல்ல களி காயும்போது சுருங்கிப் பிளக்கும். அதற்காக வைக்கோலைப் பொடியாக வெட்டிச் சேர்த்து மிதித்தாள். வெடிப்பு ஓடி வரும் வழியில் வைக்கோல் துண்டு குறுக்கே கிடந்து அதைப் பிடித்துக்கொள்ளும்.

ஒரு பலகையில் தடியை நட்டு, அதில் வைக்கோல் புரியைத் தேங்காய் அளவுக்குச் சுற்றி, அதன் மேல் களியை அப்பினாள். முதலில் மண்டை, பிறகு தாடை. முகத்தின் எலும்பு எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று தெரிய, கண்ணை மூடிக்கொண்டு தன் முகத்தைத் தானே தடவிப் பார்த்தாள். காயும்போது முகம் சிறுக்கும் என்பதால் எல்லாவற்றையும் சற்றுப் பெரிதாகவே வைத்தாள்.

அடுத்த வளவு றஞ்சிதம் வேலியால் எட்டிப் பார்த்தாள். அன்ரோனெற்றிலும் இளையவள்; வாய் மட்டும் பெரியது.

"அக்கா, நத்தாருக்கு இன்னும் நாள் கிடக்கே. ஏன் இப்பவே சூசையப்பரைச் செய்யிறீங்கள்?"

"இது சூசையப்பர் இல்லையடி. உன்ர அத்தான்."

றஞ்சிதம் வேலியை விலக்கிக்கொண்டு வந்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. சுற்றி வந்து பார்த்தாள். "கோவிக்காதேங்கோ அக்கா. இது சூசையப்பர்தான். கையில ஒரு லீலிப் பூ மட்டும் இல்லை."

அன்ரோனெற் எட்டி நின்று பார்த்தாள். உண்மைதான். வருசா வருசம் குடிலுக்குச் சூசையப்பரும் இடையர்களும் செய்து பழகிய கை. இரண்டு கன்னமும் ஒன்றைப் போல, இரண்டு புருவமும் ஒரே மட்டத்தில். புனிதர்களுக்கு அது பொருந்தும். கடலில் ஒரு பக்கமாக வெயில் வாங்கி, ஒரு பக்கமாகக் கண்ணைச் சுருக்கிப் பழகிய மனிசனுக்கு இரண்டு பக்கமும் எப்படி ஒன்றாக இருக்கும்? அவள் உள்ளங்கையால் இடது பக்கத்தை நசுக்கினாள். றஞ்சிதம் "ஐயோ" என்று வாயைப் பொத்தினாள்.

அந்தக் கிழமை அமிர்தநாயகம் வந்தான். கருவாட்டைக் கொண்டுவந்து நெல்லுக்கு மாற்றிக்கொண்டு போக அவனுடைய மாட்டுவண்டி அடிக்கடி நறுவிலிக்குளத்துக்கு வரும். அன்ரோனெற் அவனைக் கிணற்றடியில் ஒரு வாங்குப் பலகையில் இருத்தினாள்.

"அசையாதேங்கோ, அத்தான்."

"என்னைப் பார்த்து அவனைச் செய்யப் போறியோ? மூக்கு ஒரே மூக்குத்தான், பிள்ளை. அவனுக்கு வடிவாய் இருந்தது. எனக்கு இப்பிடிக் கிடக்கு."

"கதைச்சால் வாய் அசையுது."

"சரி சரி." கொஞ்ச நேரம் கழித்து அவனே தொடங்கினான். "அவனுக்கு இடப்பக்கப் புருவம் ஒருக்காலும் இறங்கினதில்லை. பொய் சொன்னாலும் அப்பிடி, உண்மை சொன்னாலும் அப்பிடி. அம்மாவிட்ட அடி வாங்கினதும் அதாலதான்." அதன் பிறகு அவன் கதைக்கவில்லை. அவனுடைய வாய் அசைந்துகொண்டுதான் இருந்தது.

மூக்கும் காதும் அண்ணனிடமிருந்து வந்தன. தூக்கிய புருவம் வந்தது. மீசையை அப்பி, நாடியில் துடுப்புப் பட்ட தழும்பை அன்ரோனெற் ஈர்க்கால் கீறினாள். இப்போது அது சூசையப்பர் இல்லை. றஞ்சிதமும் ஒத்துக்கொண்டாள். "அத்தான்ர சொந்தக்காரர் ஆரோ மாதிரிக் கிடக்கு," என்றாள். அவ்வளவுதான். சொந்தக்காரர். எது குறைகிறதென்று அன்ரோனெற்றுக்குப் பிடிபடவில்லை.

கண்ணைக் கடைசிக்கு விட்டிருந்தாள். பெட்டிக்குள் இருப்பவனைப் போல மூடிய கண்ணாகச் செய்வதுதான் அவள் நினைத்தது. கண்குழிக்குள் ஓர் உருண்டையை வைத்து, அதன் மேல் இமையாக ஒரு பட்டையை ஒட்ட வேண்டும். பட்டை மெல்லிதாக இருந்தால் முதலில் காய்ந்து பிளக்கும் என்பதால் தடிப்பாகவே வைத்தாள். மேல் இமையைக் கீழே இழுத்து மூடப் பெருவிரலை வைத்தாள். விரல் நகரவில்லை. அடுத்த நாளும் வைத்துப் பார்த்தாள். பிறகு இமையைப் பாதியில் அப்படியே விட்டுவிட்டாள். கண் திறந்திருந்தது.

திருநாள் நெருங்கிவிட்டது. அந்த வருசம் மழை பிந்தியிருந்ததால் பாதை கெட்டிருக்கவில்லை. முகம் உள்ளே இன்னும் ஈரம். ஒரே வேகத்தில் காய்ந்தால்தான் வெடிக்காது. மெல்லிய இடங்கள் முந்திக்கொள்ளக் கூடாது. அதனால் கண் இரண்டுக்கும் நனைத்த பழந்துணியைத் தடிப்பாக மடித்து வைத்து, மேலே வாழைமரத்துப் பட்டையான தடலைப் போட்டு நாரால் கட்டினாள். பிறகு முழுவதையும் ஈரச் சாக்கால் சுற்றி, அமிர்தநாயகத்தின் வண்டியில் நெல் மூட்டைகளுக்கு நடுவே இருத்தினாள்.

"சாக்குக் காயக்கூடாது, அத்தான். காயக் காய நனைச்சுக்கொண்டு போங்கோ. நான் நாளைக்கு பஸ்ஸில வாறன்."

"மீனை விடவோ இது கரைச்சல்? எனக்குச் சாக்கு நனைக்கத் தெரியாதோ?" என்றான் அமிர்தநாயகம்.

அவனுக்குத் தெரியும். பிறந்த நாளிலிருந்து மீனை ஈரச் சாக்கால் மூடிப் பழகியவன். மன்னார்ப் பாலத்தில் வண்டியை நிறுத்தி, வாளியைக் கயிற்றில் இறக்கி, மீனுக்குச் செய்வதைப் போலவே கடல் தண்ணீரை அள்ளி ஊற்றினான். வாளியில் மிச்சமிருந்ததையும் வழியில் ஊற்றி முடித்தான். பேசாலைக்கு வந்ததும் சாக்குப் பொதியைக் குடிசையின் பின்பக்கம் நிழலில் வைத்து, கடைசியாக ஒரு வாளி கடல் தண்ணீரை வார்த்துவிட்டு, களைப்பில் படுத்து உறங்கிப்போனான். காலை முழுக்கக் காற்று வீசியது.

மத்தியானம் அன்ரோனெற் வந்து சேர்ந்தபோது சாக்கு விறைத்துப் போயிருந்தது. தொட்டால் பொருபொருவென்று உதிர்ந்தது. அவசரமாக அவிழ்த்தாள்.

முகம் வெள்ளை பூத்திருந்தது.

உப்புத் தண்ணீர் களிக்குள் போனால் உப்பும் கூடவே போகும். காயும்போது தண்ணீர் மட்டும்தான் காற்றோடு போகும், உப்புப் போகாது. உள்ளே இருக்கும் ஈரம், எங்கே காற்று கூடப் படுகிறதோ அந்த மேட்டை நோக்கித்தான் ஊர்ந்து வரும். அங்கே வந்து அது ஆவியாகிப் போக, உப்பை வாசலில் விட்டுவிடும். பள்ளங்களில் மண்ணின் கருநிறம் அப்படியே இருந்தது. தூக்கிய புருவத்தில், கன்ன மேட்டில், மூக்கின் நுனியில், மீசையின் ஓரத்தில், காதின் விளிம்பில் உப்பு வெள்ளையாகப் படர்ந்து நின்றது.

"என்ன அத்தான் செய்து வைச்சிருக்கிறீங்கள்? கடல் தண்ணியோ ஊத்தினீங்கள்?"

அமிர்தநாயகம் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். "பாலத்தில வேற என்ன தண்ணி கிடக்கு, பிள்ளை? மீனுக்கு அதுதானே..." முகத்தைப் பார்த்ததும் அவன் நிறுத்திவிட்டான்.

"மீனோ இது? மீனோ?" அன்ரோனெற் அழத் தொடங்கினாள். சேலைத் தலைப்பால் துடைக்கக் குனிந்தாள்.

"தொடாதை!"

திரேசம்மா வந்து நின்றிருந்தாள். கையில் விறகு. அதைக் கீழே போட்ட சத்தம் கேட்கவில்லை. மணலில் விழுந்திருக்க வேண்டும்.

அவள் கிட்டே வந்து குந்தினாள். முகத்தைக் குனிந்து பார்த்தாள்.

"கடலால வந்த கையோட நிக்கிறான்," என்றாள்.

அப்போதுதான் அன்ரோனெற்றுக்குத் தெரிந்தது. இத்தனை நாளாக அவள் தேடியது இதைத்தான். கடலில் தண்ணீர் தெறித்து முகத்தில் விழும், வெயிலில் காயும், திரும்பத் தெறிக்கும். கரைக்கு வரும்போது புருவத்திலும் மீசையிலும் கன்ன எலும்பிலும் உப்பு வெள்ளையாக நிற்கும். மேடான இடங்களில்தான் நிற்கும். மனிசத் தோலுக்கும் களிக்கும் அதில் வித்தியாசம் இல்லை. தாயும் மனைவியும் வாசலில் நின்று பார்த்தது எப்போதும் அந்த முகத்தைத்தான். உப்பில்லாத பஸ்ரியனை அவர்கள் பார்த்த நேரம் குறைவு.

"அமிர்தம், நல்ல தண்ணி கொண்டா."

கடலால் வந்தவன் உள்ளே வருமுன் முகம் கழுவ ஒரு செம்பு நல்ல தண்ணீர் வாசலுக்குப் போகும். பேசாலை வீடுகளில் அது வழக்கம். அமிர்தநாயகம் கொண்டுவந்த செம்பில் திரேசம்மா தலைப்பை நனைத்தாள். புருவத்தைத் துடைத்தாள். மற்றப் புருவத்தை. மீசையை. காதின் விளிம்பை. "இந்தப் புருவத்தால எத்தினை அடி வாங்கினாய்," என்று சொல்லிக்கொண்டே துடைத்தாள். அழுத்தித் துடைக்கவில்லை, ஈர மண்ணைத் தொடத் தெரிந்தவளைப் போல ஒற்றியெடுத்தாள்.

"கண்ணுக்கு என்ன கட்டியிருக்கு?"

"காயாமல் இருக்கட்டும் எண்டு துணி வைச்சனான், மாமி."

"எடு."

அன்ரோனெற் நாரை அவிழ்த்து, தடலையும் துணியையும் எடுத்தாள். நறுவிலிக்குளத்துக் கிணற்றுத் தண்ணீரில் நனைத்த துணி அது. தடலின் கீழே இன்னும் ஈரம் காயவில்லை. கண்கள் மட்டும் கறுத்து, மினுங்கி, மிருதுவாக இருந்தன. திறந்திருந்தன.

தாயும் இளைய மகனும் ஒருவரையொருவர் பார்த்தபடி இருந்தார்கள்.

"ஏன் பிள்ளை, செத்தவன்ர முகம் எண்டுதானே செய்தனி?" திரேசம்மா திரும்பாமல் கேட்டாள். "பிறகு ஏன் கண்ணைத் திறந்து வைச்சனி?"

"மூடத்தான் பார்த்தனான். கை வரேல்லை, மாமி."

"உனக்கும் வரேல்லையோ."

"இல்லை."

திரேசம்மா தலையை ஆட்டினாள். ஒரு வருசமாக மருமகளைப் பார்த்த கடும்பார்வை இப்போது இல்லை. கையை நீட்டி அன்ரோனெற்றின் தோளைப் பிடித்து, தனக்குப் பக்கத்தில் இருத்தினாள். பிறகு பெருவிரலை ஒரு முறை செம்பில் நனைத்து, இடது கண்ணின் மேல் இமையில் வைத்துக் கீழே இழுத்தாள். தடிப்பாக வைத்த களி விரலோடு மெல்ல வந்து கீழ் இமையைத் தொட்டது. அடுத்த கண்ணையும் அப்படியே.

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். அமிர்தநாயகம் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

அழுகை ஓய நெடுநேரம் ஆனது. முகத்தைத் துடைத்துக்கொண்டு திரேசம்மா கேட்டாள்: "இதைச் சுட வேணுமோ?"

"சுட்டால் கல்லுப் போல நெடுகக் கிடக்கும். சுடாட்டி மழைக்கு மண்ணாய்ப் போயிடும், மாமி."

"அப்ப சுடாதை." பிறகு மூத்த மகனைக் கூப்பிட்டாள். "சுவாமியாரிட்டப் போய் நாளைப் பூசைக்குப் பேர் குடுத்திட்டு வா. பஸ்ரியன் எண்டு முழுசாய்ச் சொல்லு. அப்பாட பேரையும் சேர்த்துச் சொல்லு. பேசாலையில பஸ்ரியன் கனபேர்."

அமிர்தநாயகம் சட்டையைத் தேடிப் போனான்.

இமைகளில் திரேசம்மாவின் பெருவிரல் ரேகை ஆழமாகப் பதிந்திருந்தது. மண்வேலை செய்கிறவர்கள் அப்படிப் பதிந்ததை விட்டுவைப்பதில்லை. ஈரவிரலால் இரண்டு தரம் தடவினால் போதும், மட்டமாகிவிடும். அன்ரோனெற்றின் விரல் பழக்கத்தில் செம்புக்குள் போனது, நனைந்தது. அவள் அந்த விரலால் பஸ்ரியனின் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டாள். இமைகளைத் தொடவில்லை. சாக்கை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்து முகத்தை மூடினாள். பிறகு மடியிலிருந்த செபமாலையை எடுத்து, எந்தச் செபத்தைச் சொல்வதென்று யோசிக்காமல் தொடங்கினாள்.